சவுக்காரம் கேட்காத பனியன்

வாழ்க்கையில் செய்த தப்புகளைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கென்று இரண்டு மூன்று கைவசம் வைத்திருக்கிறேன். அவை சபையில் சொல்லக்கூடியவை. கேட்பவர்கள் சிரித்துவிட்டு, "அந்த வயசுல யாருதான் செய்யல" என்று என்னை மன்னித்துவிடுவார்கள். இது அந்த ரகமல்ல. ஒரு வெள்ளைப் பனியனைத் தெருக்குழாயில் நனைத்த கதை. களவுமில்லை, கொலையுமில்லை. ஆனாலும் சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் காதுமடல் சூடாகிறது.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். நான் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்கு. முப்பது வயது, கல்யாணமாகி நான்கு வருஷம். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். பத்து வீட்டுக்கு ஒரு குழாய், குழாயடியில் இரண்டு துவைகல். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வேட்டியில் என்ன கறை என்பதெல்லாம் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கல்லில் தெரிந்துவிடும். அதைப் பெண்கள் சமாச்சாரம் என்று நான் கவனித்ததில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

எனக்குப் பெருமை என்று இருந்தது ஓட்டம் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை கோலாலம்பூர் ரயில்வே ஆட்களுக்கும் கிள்ளான் ரயில்வே ஆட்களுக்கும் விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் கடைசியாக வருவது தொடர் ஓட்டம். நாலு பேர், கையில் ஒரு கட்டை, ஒருவர் ஓடி முடித்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கடைசிச் சுற்று என்னுடையது. தொடர்ந்து மூன்று வருஷம் கிள்ளான்காரர்களுக்கு என் முதுகைத்தான் காட்டினேன். பயிற்சிக் கட்டைகூட என் வீட்டில்தான் இருக்கும், சாமி படத்துக்குப் பக்கத்தில். அவ்வளவு கர்வம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில், வண்டியில் வந்த மூட்டைகளைச் சரிபார்க்கிறேன் என்று அரை நாள் நனைந்தேன். மறுநாள் காய்ச்சல். மூன்றாம் நாள் சளியில் துரு நிறம். மூச்சை உள்ளே இழுத்தால் விலாவில் கத்தி பாய்ந்தது. பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் இருந்தார், டிக்கெட் ஆபீசில் வேலை. எங்கள் ஓட்டக் குழுவில் ஐந்தாவது ஆள் அவர். நால்வரில் யாருக்காவது முடியாமல் போனால் ஓடுவதற்கு இருந்தவர். அவர்தான் ரிக்‌ஷா பிடித்து வந்தார். நானும் என் மனைவியும் ஏறியதும் இழுக்கிறவர் மேட்டில் திணறினார். இவர் கொட்டுகிற மழையில், ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடிவந்தார்.

நிமோனியா என்றார்கள். ஒன்பதாம் நாளைத் தாண்டினால் பிழைப்பான் என்று என் மனைவியிடமே சொன்னார்களாம். பிழைத்தேன். ஆனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. விலா எலும்புக்கு நடுவில் ஊசியை இறக்கி இரண்டு தடவை எடுத்தார்கள். ஏழு வாரம் படுக்கை. ஏழு வாரமும் சாயங்காலம் கஞ்சித் தூக்கோடு வந்தவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். வீட்டுக்கு அனுப்பும்போது, வைத்தியம் பார்த்த டிரெசர் விரலை ஆட்டிச் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஓட்டம் கீட்டம்னு நெனைக்கக்கூடாது. நடங்க. நடந்தா போதும்."

போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணை, பயிற்சிக்கு அந்தக் கட்டை வேணுமாம். உங்களிட்டத்தான் இருக்குதெண்டு சொல்லிச்சினம்."

எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவர் போன பிறகு சாமி படத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. மறுநாளிலிருந்து காலையில் அவர் என் ஜன்னலைத் தாண்டி ஓடும் சப்பாத்துச் சத்தம் கேட்கும். நான் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். எனக்காக மழையில் ஓடியவர். என் எச்சில் கஞ்சித் தூக்கைக் கழுவியவர். அவர்மேல் பொறாமைப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? ஆனாலும் பட்டேன். கால் அவருடையது, ஓட்டம் என்னுடையது என்று நினைத்தேன்.

போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு விடியற்காலையில் பனியனையும் கான்வாஸ் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். முன்பெல்லாம் பங்சார் பக்கம் ரப்பர் மரங்கள் தொடங்கும் இடம்வரை ஓடி, நிற்காமல் திரும்பி வருவேன். அன்றைக்கு மூன்றாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூச்சு பாதி வழியில் வந்து திரும்பிப் போயிற்று. பயம் வந்துவிட்டது. தெருக்குழாயில் முகம் கழுவினேன், தலையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன், அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் அரைவேக்காட்டு முட்டை, மேலே மிளகுத்தூள்.

"என்னங்க, இப்படி வேர்த்து ஊத்துது! ஓடிட்டீங்களா?"

கேட்கும்போதே, டிரெசர் சொன்னதைக்கூட மறந்து, சந்தோஷத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து ஏழு வாரம் கிடந்தவள். அந்த முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. இல்லை, இது குழாய்த் தண்ணீர் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பனியனைக் கழற்றி வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். "எங்க வீட்டுக்காரரு ஓட ஆரம்பிச்சிட்டாரு!" என்று அவள் சொல்வதும், பெண்கள் ஆளாளுக்குச் சந்தோஷப்படுவதும், பத்துமலை முருகனுக்கு ஒரு பால்குடம் எடுத்துவிடு என்று யாரோ சொல்வதும் உள்ளே எனக்குக் கேட்டது. முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு நிஜமாகவே ஓடிவிட்டால் இது பொய்யாகாது என்று எனக்கு நானே கணக்குச் சொன்னேன்.

மறுநாள் இரண்டாவது கம்பத்திலேயே இருமல். எதிரே சீனர் காப்பிக்கடை அப்போதுதான் பலகை திறந்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாள் ஓடிப் பார்க்கவே இல்லை, நேராகக் காப்பிக்கடை. ஒரு வாரத்தில் கடைக்காரத் தவுக்கே என் தலை தெரிந்ததும் காப்பியைக் கலக்கி மேசையில் வைத்துவிடுவார். பங்சார் போய்த் திரும்பும் நேரத்தைச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு எழுந்திருப்பேன். பிறகு அந்தத் தெருக்குழாய். ஓட்டக்காரனுக்கு வேர்வை எங்கெங்கே வரும் என்று தெரியாதா? நெஞ்சில் ஒரு கை, முதுகில் இரண்டு கை, அக்குளில் கொஞ்சம். கீழ் விளிம்பு உலர்ந்தே இருக்க வேண்டும். காதோரம் இரண்டு சொட்டு. கோட்டர்ஸ் திருப்பத்தில் மட்டும் நாலடி ஓடி மூச்சு வாங்கியபடி வாசலில் நிற்பேன். இந்தச் சாமர்த்தியத்தில் பாதியை உத்தியோகத்தில் காட்டியிருந்தால் பெரிய கிளார்க்காகியிருப்பேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு டிக்கெட் கலெக்டர், எல்லோருக்கும் மூத்தவர். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வீட்டுக்கு வந்தார். நான் தினமும் ஓடும் செய்தி குழாயடி வழியாக அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்னய்யா, மூச்சு சரியாயிடுச்சா? சாயங்காலம் திடலுக்கு வா, ஒரு ரவுண்டு பாத்துடுவோம்."

"காலையில ஒரு தடவை ஓடிடுறேண்ணே. சாயங்காலமும் ஓடினா ஒடம்பு அசந்துரும். போட்டிக்குப் பலம் வேணும்ல" என்றேன். எப்படித்தான் வந்ததோ அந்தப் பதில்.

அவர் நம்பியும் நம்பாமலும் என் மனைவி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நெசமாவே ஓடுறானா?"

அவள் கதவோரத்தில் நின்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "பனியன் தெனமும் நனைஞ்சுதாண்ணே வருது" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாவம், எவ்வளவு நம்புகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்த முட்டாளை இப்போது கையில் கிடைத்தால் அறைவேன்.

தலைவர் சொல்லி, அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர் கட்டையோடு வந்துவிட்டார். துடைத்துச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தார். அந்த ஒன்றரை மாதத்தில் அவர் நன்றாக இறுகிப்போயிருந்தார். கெண்டைக்கால் சதை உருண்டிருந்தது. "இது உங்கட இடம் அண்ணை. நான் சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

போட்டி நாள். திடலைச் சுற்றி எங்கள் கோட்டர்ஸ் சனம் முழுவதும் இருந்தது, பெண்கள் ஒரு பக்கமாகக் குடை பிடித்தபடி. என் மனைவி வரவில்லை. தலைவலி என்றாள். எங்கள் குழுவுக்கு ஒரே நிறச் சட்டை கொடுத்தார்கள். முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். முதல் மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். கட்டை என் கைக்கு வந்தபோது கிள்ளான்காரன் பத்தடி பின்னால் இருந்தான்.

நூறடி ஓடியிருப்பேன். அதுவரை பழைய கால்கள்தான். பிறகு மூச்சு நின்றது. இழுக்கிறேன், உள்ளே போகமாட்டேன் என்கிறது. பின்னால் காலடி நெருங்கிற்று. என்னைத் தாண்டிப் போன முதுகைப் பார்த்தேன். நடந்தாவது போய்ச் சேர்ந்திருக்கலாம். மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்கூடப் போதும், நோயாளி என்று விட்டிருப்பார்கள். ஆனால் ஐந்து வாரம் ஓடியவனுக்கு மூச்சு எப்படி வாங்கும்? அந்த நொடியில் என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. "ஐயோ!" என்று வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.

முதலில் ஓடிவந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். "நரம்பு இழுத்திட்டுது, அசையாதேங்கோ" என்று என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். யாரிடமோ தேங்காயெண்ணெய் வாங்கி, அந்த வெயிலில், புல்லில் உட்கார்ந்து, அரை மணி நேரம் நீவிவிட்டார். வலியே இல்லாத காலை. நான் அவ்வப்போது முனகினேன். முனகாவிட்டால் சந்தேகம் வருமே. "நல்லா ஓடிக்கிட்டிருந்தவன், கால் புடிச்சா என்னய்யா பண்ணுவான்" என்று தலைவர் எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த இளைஞர் தோளிலேயே சாய்ந்து நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அவர் என் மனைவியிடம் எந்தக் கால், எங்கே ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எழுந்து குளிக்கப் போனேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, நேத்து வலது கால்தானே?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இடது காலை நொண்டிக்கொண்டிருந்தேன்.

வெட்கம் வந்தால் சிலர் அடங்கிப்போவார்கள். எனக்குக் கோபம் வரும். "நீ என்ன டிரெசரா, எந்தக் கால்னு பரிசோதிக்க? அஞ்சு வாரம் ஒரு நாள் விடாம ஓடினவன் நான். அந்த நரம்பு மட்டும் இழுக்கலைன்னா..." என்று கத்தினேன்.

அவள் பின்பக்கம் போனாள். சவுக்காரக் கட்டியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். தேய்ந்து தகடாகியிருந்தது.

"இது யாருக்காகத் தேஞ்சுச்சு தெரியுமா?"

நொண்டுவதை மறந்து இரண்டு காலையும் ஊன்றி நின்றேன்.

"மொத நாளே தெரியும். தண்ணியில போட்டேன். தெளிஞ்ச தண்ணி தெளிஞ்ச மாதிரியே இருந்துச்சு. நாலு வருஷமா உங்க பனியனத் தொவைக்கிறேன், உங்க வேர்வை வாடை எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்குள்ள கொழாயடி பூரா சொல்லிட்டேன். சவுக்காரம் போடாம சும்மா அலசுனா பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாதா? அதான் தெனமும் போட்டு, நொரை வர்ற வரைக்கும் கசக்கினேன். அழுக்கே இல்லாத பனியனுக்கு."

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நாளைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. மூச்சு விட முடியாம கெடந்த மனுஷன், வெளிய போயி ஒக்காந்துட்டு வந்தாக்கூடப் போதும்னுதான் விட்டேன். அண்ணன் வந்து கேட்டாரு. அடுத்தவங்க முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்க முடியுமா? போட்டிக்கு முந்தின நாளாவது வாயைத் தொறப்பீங்கன்னு இருந்தேன்." சவுக்காரத்தை முந்தானையில் துடைத்தாள். "அந்தத் தம்பி உங்க கால அரை மணி நேரம் புடிச்சிருக்காரு. அவருகிட்டயாவது போயி சொல்லுங்க."

ஒரு பனியனைப் பொய்யாக நனைத்தவன் நான். அந்தப் பொய்யை ஊர் முன்னால் வைத்துத் தினமும் கசக்கிப் பிழிந்தவள் அவள். பத்துப் பெண்கள் பார்க்க, முகத்தில் ஒன்றும் தெரியாமல். நான் காப்பிக்கடையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் போதாதென்று, என் திருட்டுக்கு அவளையும் வேலை வாங்கியிருக்கிறேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், காப்பிக்கடை உட்பட. கடைசியில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நான் பிடிச்ச கால்?"

"அதுல ஒண்ணுமே இல்ல தம்பி."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "ஓட்டம் போனதுக்கு எனக்குக் கோவமில்லை அண்ணை. அடுத்த வருசமும் ஓடலாம். அரை மணித்தியாலம் உங்கட காலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன் பாருங்கோ, அதைத்தான் என்னால..." என்று நிறுத்திவிட்டார். கட்டையை நீட்டினேன். வாங்கவில்லை. "உங்களிட்டயே இருக்கட்டும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு வழியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

தலைவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. என் கெண்டைக்காலை விசாரித்தபடியே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தைரியம் மட்டும் எனக்கு வரவே இல்லை.

டிரெசர் சொன்ன ஆறு மாதத்தை முதலிலிருந்து தொடங்கி நடந்தேன். வெறும் நடைதான். உலர்ந்த பனியனோடு வந்து, "ஆறாவது லைட்டு போஸ்ட்டு வரைக்கும் நடந்தேன்" என்று உள்ளதைச் சொல்வேன். முட்டையை வைப்பாள். அந்தப் பனியனைச் சும்மா அலசிக் காயப்போடுவாள், குழாயடியில் எல்லோரும் பார்க்க. என்ன, வீட்டுக்காரர் ஓட்டத்தை விட்டுட்டாரா என்று அவர்கள் கேட்பதும் எனக்குக் கேட்கும். "நடக்குறாரு" என்பாள்.

ஏழாம் மாதம் ஒரு கம்பம் ஓடி ஒரு கம்பம் நடந்தேன். பிறகு இரண்டு. ஒரு நாள் காப்பிக்கடைவரை நிற்காமல் ஓடிவிட்டேன். தவுக்கே பழைய ஞாபகத்தில் காப்பியை மேசையில் வைத்துவிட்டு, "கோப்பி தா மாவ்?" என்று மலாயில் கூப்பிட்டார், காப்பி வேண்டாமா என்று. வேண்டாம் என்று சொல்லவும் மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுத் தாண்டி ஓடினேன். எதிரே பக்கத்து வீட்டுக்காரர் பங்சார் வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பேசவில்லை. ஆனால் சாலையில் மேடு பள்ளமில்லாத பாதியை எனக்கு விட்டுவிட்டு, அவர் புல்லோரமாக இறங்கி ஓடினார்.

பங்சார் எட்டவில்லை. பாதி தூரத்தில் திரும்பிவிட்டேன். வழியில் அந்தத் தெருக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தாகம் நாக்கை இழுத்தது. அந்தப் பக்கமே போகவில்லை.

வாசலில் வந்து நின்றபோது என்னால் பேச முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணுக்குள் உப்பு கரித்தது. என் மனைவி கையை நீட்டினாள். பனியனைக் கழற்றிக் கொடுத்தேன். கழற்றவே வரவில்லை, அப்படி உடம்போடு ஒட்டியிருந்தது. விளிம்புவரை நனைந்திருந்தது. அவள் அதை முகத்தருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்தாள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தும் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பின்பக்கம் போய்ப் புதுச் சவுக்காரக் கட்டியை எடுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு சவுக்காரம் வீணாகாது" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.